ப்ளூபெர்ரி: காட்டுப்பழமா, தோட்டத்துப் பழமா... எதில் சத்து அதிகம்?

சூப்பர் மார்க்கெட்டில் குளிர்பெட்டிக்குள் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும் பழம். டப்பாவில் இருப்பது பெரும்பாலும் 125 கிராம்தான். அந்தக் காசுக்கு ஒரு கிலோ ஆப்பிளே வாங்கிவிடலாம். ஆனாலும், 'ஞாபக மறதி வராது', 'சுகர் இறங்கும்', 'இதயத்துக்குக் காவல்' என்று வரும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளைப் பார்த்துவிட்டு, வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்காகவே இதை வாங்குகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இப்போது 'வைல்டு ப்ளூபெர்ரி' என்று தனியாக ஒரு பவுடரும் ஆன்லைனில் கிடைக்கிறது. அதன் விலை இன்னும் எகிறும்.

காட்டு ப்ளூபெர்ரிக்கும் தோட்ட ப்ளூபெர்ரிக்கும் அப்படி என்ன வித்தியாசம்? செலவழிக்கும் காசுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

இரண்டும் வேறு வேறு செடிகள்

காட்டு ப்ளூபெர்ரி முழங்கால் உயரம்கூட வளராத குத்துச்செடி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலமும் கனடாவின் கிழக்குப் பகுதிகளும்தான் அதன் தாய்வீடு. பனிப்பாறைகள் விட்டுச்சென்ற, புளிப்புத்தன்மை கொண்ட மணல் நிலத்தில் அது தானாகப் பரவியிருக்கிறது. யாரும் நட்டு வளர்த்ததில்லை. மண்ணுக்கடியில் தண்டு ஓடி ஓடிப் புதுச்செடிகள் முளைக்கும். அங்கே வாழ்ந்த வாபனாக்கி பழங்குடிகள், நிலத்துக்குத் தீ வைத்து, அடுத்த விளைச்சலைச் செழிக்கவைக்கும் வித்தையை வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள். இன்றும் விவசாயிகள் தீ வைத்தோ, இயந்திரத்தால் வெட்டியோ நிலத்தைத் தயார்செய்கிறார்கள். அதனால் ஒரு நிலம் ஒரு வருடம் ஓய்வெடுத்து, அடுத்த வருடம்தான் காய்க்கும். ஆகஸ்டில் அறுவடை. சீப்பு போன்ற பற்கள் கொண்ட கருவியால் செடியைக் கோதி எடுப்பார்கள். பறித்ததில் பெரும்பகுதி ஃப்ரீஸருக்குப் போய்விடுவதால், ஃப்ரெஷ் காட்டு ப்ளூபெர்ரி நம் ஊர்க் கடைக்கு வர வாய்ப்பே இல்லை.

'காட்டு' என்றதும் 'மருந்தடிக்காதது' என்று நினைத்துவிட வேண்டாம். வணிகரீதியில் நடக்கும் பல நிலங்களில் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் உண்டு. ஆர்கானிக் என்பது வேறு கணக்கு.

நம் ஊர்க் கடைகளில் இருக்கும் பெரிய, உருண்டையான பழம் ஆள் உயரத்துக்கும் மேல் வளரும் இன்னொரு இனம். அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த கதை சுவாரஸ்யமானது. நூறு வருடங்களுக்கு முன்புவரை, 'ப்ளூபெர்ரியைப் பயிர் செய்ய முடியாது' என்பதுதான் விவசாயிகளின் முடிவு. நல்ல மண், சுண்ணாம்பு, உரம் என்று பார்த்துப் பார்த்து வளர்த்தால் செடி செத்துப்போகும். இதற்குப் புளிப்பு மண்தான் வேண்டும் என்று 1910-ல் எழுதினார், அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில். அதைப் படித்த நியூஜெர்சி விவசாயக் குடும்பத்துப் பெண் எலிசபெத் ஒயிட், 'எங்கள் நிலத்திலேயே செய்து பார்க்கலாம் வாங்க' என்று அவரை அழைத்தார். காட்டில் பழம் பறிக்கும் உள்ளூர்க்காரர்களிடம் துளையிட்ட அளவுகோலைக் கொடுத்து, அந்தத் துளைக்குள் நுழையாத அளவுக்குப் பெரிய பழம் காய்க்கும் செடியைக் காட்டினால் பணம் என்றார். கண்டுபிடித்தவர் பெயரையே செடிக்கும் வைத்தார். ரூப் லீக் என்பவர் காட்டிய செடிதான் 'ரூபெல்' ரகம். இன்றும் அது சாகுபடியில் இருக்கிறது. 1916-ல் முதல் தோட்ட ப்ளூபெர்ரி சந்தைக்கு வந்தது.

அதாவது, தோட்டப் பழம் பெரிதாக இருப்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. சத்து வித்தியாசமும் அங்கேதான் தொடங்குகிறது.

தோலில் இருக்கிறது விஷயம்

ப்ளூபெர்ரியின் நீல நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. அது பெரும்பாலும் தோலில்தான் இருக்கும். தோட்டப் பழத்தை இரண்டாக வெட்டினால் உள்ளே வெளிர்பச்சையாக இருப்பதைப் பார்க்கலாம். பழம் சின்னதாக இருந்தால், ஒரு கைப்பிடியில் தோலின் பங்கு அதிகம். எனவே எடைக்கு எடை பார்த்தால், காட்டு ப்ளூபெர்ரியில் ஆந்தோசயனின் பொதுவாகக் கூடுதல்.

இதைவைத்து, 'ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண்' என்று பாக்கெட்டில் பெரிய எண்களை அச்சடித்து விற்றது ஒரு காலம். சோதனைக்குழாயில் எடுத்த அந்த எண்களுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் தொடர்பில்லை, அவை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுகின்றன என்று சொல்லி, அமெரிக்க வேளாண் துறை 2012-ல் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. இன்னும் யாராவது அந்த மதிப்பெண்ணைக் காட்டி விற்றால், நகர்ந்துவிடலாம்.

வைட்டமின் சி-க்காக ப்ளூபெர்ரி வாங்குவதும் வீண். 100 கிராமில் சுமார் 10 மில்லிகிராம்தான். நம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இதயத்துக்கு நல்லது என்பதற்குத்தான் ஆதாரம் கொஞ்சம் வலுவாக இருக்கிறது. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், உடல் பருமனும் வளர்சிதை மாற்றக் கோளாறும் இருந்த 115 பேர் ஆறு மாதம் பங்கேற்றார்கள். தினமும் 150 கிராம் பழத்துக்குச் சமமான பவுடர் சாப்பிட்டவர்களுக்கு ரத்தக்குழாய்களின் இயக்கம் மேம்பட்டது. பாதி அளவு சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. முக்கியமான விஷயம், 150 கிராம் சாப்பிட்டவர்களுக்கும் இன்சுலின் எதிர்ப்பு குறையவில்லை. 'சுகர் இறங்கும்' என்று ஃபார்வர்டு செய்பவர்கள் இந்த வரியை மட்டும் விட்டுவிடுவார்கள்!

காட்டு ப்ளூபெர்ரியை வைத்து லண்டன் கிங்ஸ் கல்லூரி செய்த ஆய்வு 2023-ல் வந்தது. 65 முதல் 80 வயது வரையிலான, ஆரோக்கியமான 61 பேர். 12 வாரம், தினமும் 26 கிராம் பவுடர். மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 3.6 புள்ளி குறைந்தது, ஞாபகசக்திச் சோதனைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் 61 பேர், 12 வாரம் என்பது சின்ன அளவு. தவிர, இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது வட அமெரிக்கக் காட்டு ப்ளூபெர்ரி சங்கம். 2019 ஆய்வுக்கும் ஒரு பகுதி நிதி அமெரிக்க ப்ளூபெர்ரி விவசாயிகளின் கவுன்சிலில் இருந்து வந்தது. அதனால் முடிவு பொய் என்று அர்த்தமில்லை. ஆனால், 'ஆய்வில் நிரூபணம்' என்று படிக்கும்போது யார் செலவு என்று பார்ப்பது நல்லது.

காட்டுப் பழத்தையும் தோட்டப் பழத்தையும் நேருக்கு நேர் மோதவிட்டு, 'இதுதான் மாரடைப்பைத் தடுத்தது' என்று காட்டிய நீண்டகால ஆய்வு எதுவும் இல்லை. வைல்டு பவுடருக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்க அவசியம் இருப்பதாகத் தெரியவில்லை.

சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். 100 கிராமில் சுமார் 10 கிராம் சர்க்கரை, 57 கலோரி. ஒரு கைப்பிடி பிரச்னை செய்யாது. அமெரிக்காவில் 1,87,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2013-ல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று முறை ப்ளூபெர்ரி சாப்பிட்டவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 26 சதவிகிதம் குறைவாக இருந்தது. திராட்சை, ஆப்பிளிலும் குறைவுதான். அதே ஆய்வில் பழ ஜூஸ் குடித்தவர்களுக்கு வாய்ப்பு கூடியது.

ஆனால் இது, நோய் வராதவர்களைக் கவனித்த ஆய்வு. ப்ளூபெர்ரி சாப்பிடுகிறவர்கள் நடைப்பயிற்சி, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று மற்ற விஷயங்களிலும் கவனமாக இருக்கக்கூடும். ஏற்கெனவே சர்க்கரை இருப்பவர் இதை நம்பி மாத்திரையை நிறுத்தினால், பாதிக்கப்படுவது கண்ணும் சிறுநீரகமும்தான். வீட்டில் அப்பாவோ பாட்டியோ 'பழம் சாப்பிடறேனே, மாத்திரை எதுக்கு?' என்று கேட்டால், அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப்போய்ப் பேசவைப்பது நல்லது.

வாங்கும்போது...

பழத்தின் மேல் வெள்ளைப்பொடி பூத்தாற்போல இருப்பது மருந்தல்ல, இயற்கையான மெழுகு. அது இருந்தால் பழம் ஃப்ரெஷ். வாங்கியதும் கழுவிவைத்தால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், சாப்பிடும் முன் கழுவினால் போதும். ஃப்ரோஸன் பழத்திலும் ஆந்தோசயனின் பெரிதாகக் குறையாது. கிலோ கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் விலையும் குறைவு. உலர்ந்த ப்ளூபெர்ரி வாங்கும் முன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். மஃபின், கேக்கில் இருக்கும் நீலத்துண்டு சில சமயம் வெறும் சர்க்கரையும் நிறமியுமாகவே இருக்கும்.

இந்தக் காசு கட்டுப்படியாகாதவர்கள் சீசனில் நாவல் பழம் சாப்பிடலாம். அதன் கருநீலத்துக்கும் ஆந்தோசயனின்தான் காரணம். அந்தப் பழத்தை வைத்து ப்ளூபெர்ரி அளவுக்கு ஆய்வுகள் நடக்கவில்லை, அவ்வளவுதான். (தமிழில் ப்ளூபெர்ரிக்கு 'அவுரிநெல்லி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவுரி நிறம் சரி, நெல்லிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உண்மையான உறவுக்காரச் செடிகள் நீலகிரிச் சோலைக்காடுகளில் இருக்கின்றன.)

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், திடீரென்று தினமும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்; இதில் வைட்டமின் கே கொஞ்சம் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு முழுப்பழமாகக் கொடுக்காமல் நசுக்கியோ நறுக்கியோ கொடுங்கள். உருண்டையாக இருப்பதால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.