பந்தியில் உட்கார வைத்து இலையை எடுக்கலாமா?



செல்போன் விளையாட்டைப் பற்றிப் பெண்கள் பகுதிக்கு என்ன கடிதம் என்று சகோதரிகள் நினைக்கலாம். நானும் அப்படி இருந்தவள்தான். 'எந்நேரமும் என்னடா போனு?' என்று திட்டுவதோடு என் கடமை முடிந்தது என்றிருந்தேன். ஒன்பதாவது படிக்கும் என் மகன் ஒரு நாள் ராத்திரி சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்ட பிறகுதான், அந்தப் போனுக்குள் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து கேட்டேன்.

அவன் ஆடுவது, 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்.' பின்லாந்து நாட்டுக் கம்பெனி 2012ல் கொண்டுவந்தது. அவரவருக்கு ஒரு கிராமம். அதைக் கட்டிக் காக்க வேண்டும். தனியாக ஆடினால் ருசிக்காது என்று, 'கிளான்' எனப்படும் ஒரு குழுவில் சேருவார்கள். வேறு விளையாட்டுகளில் இதையே, 'கில்டு' என்கிறார்கள். ஒரு குழுவில் 50 பேர் வரை இருக்கலாம். தலைவர், துணைத் தலைவர், மூத்தவர், உறுப்பினர் என்று பதவிகள் வேறு! இன்னொரு குழுவோடு போர் என்றால், ஒரு நாள் ஆயத்தம், ஒரு நாள் சண்டை. ஆளுக்கு இரண்டு தடவை தாக்கலாம். ஒருவர் தாக்காமல் விட்டாலும், குழுவுக்கு நஷ்டம்.

என் மகனை ஒரு குழுவினர், 'ஜாலியான குழு, கட்டாயம் எதுவும் இல்லை, வா' என்று அழைத்துச் சேர்த்திருக்கிறார்கள். மூன்று மாதம் அவர்களோடு ஆடினான். அரையாண்டுப் பரீட்சை வந்தது. நான் சொல்லாமலே இரண்டு நாள் போனைத் தொடவில்லை. மூன்றாம் நாள் திறந்து பார்த்தால், குழுவில் அவன் இல்லை. தூக்கிவிட்டார்கள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது.

'இதுக்குப் போயா சாப்பிடல?' என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவன், 'கட்டாயம் இல்லைன்னு சொல்லித்தானேம்மா கூப்பிட்டாங்க...' என்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. கல்யாண வீட்டில், 'வாங்க, வாங்க' என்று கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைத்து, பாதி சாப்பாட்டில் இலையை எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? பெரியவர்களுக்கே பத்து வருஷம் ஆறாது. அது சின்னப் பையன்தானே!

விஷயம் அதோடு முடியவில்லை. சில மாதம் கழித்து, அவன் வேறொரு குழுவில் துணைத் தலைவர் ஆகிவிட்டான். தமிழ் பேசுகிறவர்களாகச் சேர்ந்த குழு. ஒரு சாயங்காலம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன். பக்கத்தில் இவன், 'ரெண்டு வாரா அட்டாக்கே பண்ணல... தூக்கிடலாம்' என்று தன் நண்பனிடம் போனில் சொல்கிறான்.

'யாரைடா?' என்றேன்.

'நான்தாம்மா இன்வைட் அனுப்பிச் சேர்த்தேன். வேஸ்ட்டும்மா.'

'ஏன் ஆடலன்னு அவரைக் கேட்டியா?'

பேசாமல் இருந்தான். 'அன்னிக்கு நீ சாப்பிடாமப் படுத்தியே, ஞாபகம் இருக்கா?' என்று மட்டும் கேட்டுவிட்டு, நான் கீரையோடு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அரைமணி நேரத்தில் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். 'ப்ரோ, ரெண்டு போரா உங்களைக் காணோம், எதாவது பிரச்னையா?' என்று இவன் கேட்டிருக்கிறான். அவர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்பவராம். 'இந்த மாசம் நைட் ஷிஃப்ட் ப்ரோ. போருக்கு மட்டும் என் பேரைச் சேர்க்காதீங்க, மத்தபடி குழுவுல இருக்கேன்' என்று பதில் வந்திருக்கிறது. போருக்கு வருகிறேன், வரவில்லை என்று பச்சை, சிவப்பு அடையாளம் போட்டுக்கொள்ளும் வசதி அந்த விளையாட்டிலேயே உண்டாம். அவர் சிவப்பு போட்டார், பிரச்னை தீர்ந்தது. கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். அவன் ஆடுவது, 2004ல் வந்த, 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்.' ஆரம்ப காலத்தில் அதில் புதிதாகக் கில்டு தொடங்க வேண்டுமானால், ஒரு பத்திரம் வாங்கி, வேறு ஒன்பது பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். விளையாட்டுக்குள் இருக்கும் ஊர்களில் நின்று, முன்பின் தெரியாதவர்களிடம், 'நாங்க இன்னார், எங்களோடு சேர்றீங்களா?' என்று கேட்க வேண்டும். பிறகு, கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் தானாகவே அழைப்பு அனுப்பும் குறுக்கு வழிகள் வந்துவிட்டன. 'வணக்கம்னு ஒரு வார்த்தை இல்லாம வர்ற அழைப்பை நான் திறந்துகூடப் பார்க்கறதில்ல சித்தி' என்றான். கல்யாணப் பத்திரிகையை வாசலில் வீசிவிட்டுப் போனால் நாம் மட்டும் போவோமா?

இதெல்லாம் நமக்குப் புதிதா, சகோதரிகளே? மகளிர் குழுவுக்கு ஆள் சேர்க்கும்போது, 'வாராவாரம் கூட்டம், மாசம் இவ்வளவு சேமிப்பு' என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வராவிட்டால் வீட்டுக்குப் போய், 'உடம்புக்கு என்ன?' என்று விசாரிக்கிறோம். அடுத்த வீட்டில் வேலை செய்யும் அம்மாவை, 200 ரூபாய் கூடத் தருகிறேன் என்று இழுத்தால் தெருவே பேசும். அடுத்த குழுவில் நன்றாக ஆடுபவரை, 'உனக்குத் துணைத் தலைவர் பதவி தர்றோம்' என்று ரகசியமாக இழுப்பதும் அதே காரியம்தான். 'வரவில்லை' என்று ஒருவர் சொன்னால், 'சரிங்க' என்று விட்டுவிட வேண்டும். திரும்பத் திரும்ப நச்சரிக்கக் கூடாது.

நீக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சீட்டுப் பணம் கட்டாதவரை வைத்துக்கொண்டு சீட்டு நடத்த முடியாதுதான். ஆனால், முதலில் கேளுங்கள், பிறகு எச்சரியுங்கள், கடைசியில் நீக்கினாலும் காரணத்தைச் சொல்லி நீக்குங்கள். நீக்கும்போது இரண்டு வரி எழுதி அனுப்ப அங்கேயே இடம் இருக்கிறது என்று மகன் காட்டினான்.

பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குழுவில் சேர்க்க, ஆட்டத்தில் உள்ள அடையாள எண் போதும். 'போன் நம்பர் கொடு, போட்டோ அனுப்பு, உன் மெயிலுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லு' என்று கேட்பவர் ஆள் சேர்க்க வந்தவர் அல்ல. அந்த எண் போனால், பிள்ளை வருஷக்கணக்கில் ஆடிய கணக்கே கைமாறிவிடும். இதைத் திட்டாமல் சொல்லி வையுங்கள். திட்டினால் நம்மிடம் மறைப்பார்கள்.

எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் சண்டைதான், மறைக்கவில்லை. ஆனால், 'எவ்வளவு நேரம் ஆடின?' என்று கேட்கும் நாம், 'யாரோட ஆடின? அவங்ககிட்ட எப்படி நடந்துக்கிட்ட?' என்றும் ஒரு நாள் கேட்டுப் பார்க்கலாமே! வீட்டுக்கு வந்தவரை, 'வாங்க' என்று சொல்லக் கற்றுக் கொடுத்தது நாம்தான். முகம் தெரியாத இடத்திலும் அதே மரியாதைதான் என்பதை வேறு யார் வந்து சொல்லிக் கொடுப்பார்கள்?

- ஒரு வாசகி, ஈரோடு.