‘அவர்களையும் நேசி’ என்பது யாருக்கு இட்ட கட்டளை?

நேசிக்க முடியாதவர்களை நேசிப்பதுதான் கிறித்தவ அன்பு. தவக்காலம் வந்தால் இந்த மறையுரை தப்பாது. உதாரணங்களும் மாறாது. வாய் நீண்ட மாமியார், சொத்துத் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன், குடித்துவிட்டு அடிக்கிற கணவன். (அடிக்கிற கணவனை இந்தப் பட்டியலில் சேர்ப்பதே தனிச் சண்டைக்கு உரியது. அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.) கடைசியில் குரலைக் கொஞ்சம் இறக்கி, “ஊரில் மற்ற சமூகத்தாரோடு நமக்கு மனவருத்தங்கள் இருக்கலாம், அவர்களையும் நேசிப்போம்” என்று ஒரு வரி வரும்.

மனவருத்தமாம். ஒருவரின் சவப்பெட்டி பெரிய தெரு வழியாகப் போகக்கூடாது என்று மறிப்பதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

தோழர்களே, இங்கே நடக்கும் தந்திரத்தைக் கவனியுங்கள். மாமியாரின் வாய் ஒரு குணம். சாதி குணமல்ல, அதிகாரம். கல்லறை யாருக்கு எங்கே, தேர் எந்தத் தெருவுக்கு வரும், பங்குப் பேரவையில் யார் பேசுவார்கள் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற ஏற்பாடு. அதைக் குணமாகச் சுருக்கிவிட்டால், தீர்வும் பாதிக்கப்பட்டவரின் மனசுக்குள்ளேயே முடிந்துவிடும். நீ மன்னித்துவிடு, கதை முடிந்தது. மதில் அப்படியே நிற்கும்.

எறையூரை நினைவிருக்கிறதா? அப்போதைய விழுப்புரம் மாவட்டம், 2008 மார்ச். ஒரே திருச்சபை, ஒரே நற்கருணை. ஆனால் தலித் கத்தோலிக்கருக்குத் தனிக் கல்லறை, சவ ஊர்வலத்துக்குத் தனி வழி. பொறுத்துப் பார்த்த மக்கள் எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். அதற்கே வீடுகள் தாக்கப்பட்டன. கலவரத்தில் காவல்துறை சுட்டு, வன்னியக் கிறித்தவர்கள் இருவர் செத்தார்கள். அந்த இரண்டு உயிர்களுக்காகவும்தான் வருந்துகிறேன். சாதியைக் காப்பாற்றப் போய்ச் செத்தார்கள். உண்மையான அன்பு அந்த ஊரில் முன்பே வேலை செய்திருந்தால், கோயிலுக்குள் பிரிவு வைக்காதே என்று அவர்கள் முகத்துக்கு நேராக யாராவது பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருப்பார்கள். சமாதானத்தைக் கெடுக்க வேண்டாம் என்று சும்மா இருந்தது அன்பல்ல.

சொல்லவே முடியாது என்பதும் பொய். வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலுக்கு இரண்டு கால்களைப் போல இரண்டு மண்டபங்கள், பீடம் மட்டும் பொது. ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடாரும் மற்றவர்களும். 1910இல் பங்குத்தந்தை நடுச்சுவரை இடித்தார். வெள்ளாளர் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். சீர்திருத்த சபையில் 1833இல் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். போகட்டும் என்று விட்டார். இன்றைய ஆயர்களில் எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் இருக்கிறது? 2016இல் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதாவது, சிறுபான்மைக்கு வலிக்கக்கூடாது என்பதற்காகப் பெரும்பான்மையை மன்னிக்கச் சொல்கிறார்கள்.

சரி, விவிலியத்துக்கே வருவோம். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை விட்டுவிட்டுப் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5. யார் போக வேண்டும்? மனத்தாங்கலை உண்டாக்கியவன். அடிபட்டவன் தேடிப் போய் அடித்தவனைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று அதில் இல்லை. சக்கேயு அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை, ஏமாற்றிப் பிடுங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். அந்தியோக்கியாவில் புற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்த பேதுரு, சொந்த இனத்தார் வந்ததும் பந்தியிலிருந்து நழுவினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் எதிர்த்தார். பந்தியில் ஒதுக்கியதற்காக முதல் போப்பையே கண்டித்த மதம் இது. நம் ஊரில் மட்டும் கண்டிப்பதே அன்புக் குறைவாகிவிடுகிறது.

போன வருடம் ஒரு பங்கின் இளைஞர் கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி என்னிடம் கேட்டாள்: “அக்கா, நான் மன்னிச்சுட்டேன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது? யாரும் எங்கிட்ட மன்னிப்பே கேக்கலையே.” மேடையில் இருந்தவர்கள் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள்.

அப்படியானால் அன்பு வேண்டாமா? வேண்டும். வெறுப்பை நம்பி இயக்கம் நடத்திவிடலாம் என்று இளைஞர்களில் சிலர் நினைப்பதை நான் ஏற்கவில்லை. ஆதிக்க சாதி வீட்டுப் பிள்ளையும் நாளை நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியவன்தான். அம்பேத்கர் 1936லேயே சகோதரத்துவம் என்பது ஜனநாயகத்தின் மறுபெயர் என்ற பொருளில் எழுதினார். பகைவரைப் பிடித்துப்போக வேண்டும் என்று இயேசு கேட்கவில்லை, நேசிக்கத்தான் சொன்னார் என்று மார்ட்டின் லூதர் கிங் பிரித்துக் காட்டினார். அப்படிச் சொன்ன கிங்தான் பேருந்துப் புறக்கணிப்பும் நடத்தினார், சிறைக்கும் போனார். அவன் அழிய வேண்டாம், அவன் உட்கார்ந்திருக்கும் சாதி நாற்காலி உடைய வேண்டும். அன்பை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

இதே அளவுகோலை நம் பக்கமும் வையுங்கள். பறையர் தெருவிலும் பள்ளர் தெருவிலும் அருந்ததியர் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. அந்த இடத்தில் நாம்தான் ‘நேசிக்கக் கடினமானவர்கள்’. அருந்ததியத் தோழர் நம்மைக் கண்டித்தால், ஒற்றுமை கெடுகிறது என்று நாமும் மறையுரை ஆற்றக்கூடாது.

அன்பியம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே அன்பு. பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து அமைப்பது. தெருவே சாதியாகப் பிரிந்து கிடக்கும் ஊரில் அன்பியமும் சாதியாகத்தான் பிரியும். ஊர்த்தெரு அன்பியம் ஒரு நாள் காலனியில் கூடிச் சாப்பிட்டுப் போகட்டும் என்று கேட்டுப் பாருங்கள். பாத்திரம் போதாது என்பார்கள், நேரமில்லை என்பார்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். உங்கள் பங்கில் எத்தனை கல்லறைகள், நடுவில் மதில் உண்டா, குருவானவர் முதலில் எந்தப் பக்கம் மந்திரிக்கப் போகிறார் என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பங்குப் பேரவைக்கு மனுவாகக் கொடுங்கள், ஒரு நகல் ஆயருக்கு. மனுவில் கையெழுத்துப் போட ஊர்த்தெருவில் இருந்தும் ஒருவரையாவது கேளுங்கள்.