கேட்கத் தெரிய வேண்டாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் தெருவில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "உங்க பிள்ளை எத்தனை மார்க்?" 600க்கு இத்தனை என்று சொல்லி, கையில் ஒரு மைசூர்பாகும் கொடுத்தால் விஷயம் முடிந்தது. "ஜுரம் வந்தால் தானாக டாக்டரிடம் போகத் தெரியுமா உங்க பிள்ளைக்கு?" என்று யாராவது கேட்கிறார்களா? கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்!

ஆனாலும் நான் கேட்கிறேன், சகோதரிகளே. காரணம் இருக்கிறது.

என் நாத்தனார் மகன் கெட்டிக்காரன். கணக்கில் நூற்றுக்கு நூறு. இரண்டு வருஷத்துக்கு முன் வெளியூரில் இன்ஜினீயரிங் காலேஜில் சேர்த்து, ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தார்கள். பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், தலைக்கு எண்ணெய் என்று பெட்டி கொள்ளாமல் அடுக்கிக் கொடுத்தாள் நாத்தனார். இரண்டாம் மாசமே பையனுக்கு ஜுரம். கூட இருந்த பையன் ஊருக்குப் போயிருந்தான். வார்டனிடம் போய்ச் சொல்லக் கூச்சம். ராத்திரி அம்மா போன் பண்ணி "சாப்பிட்டியாடா?" என்றால், "ம், சாப்பிட்டேம்மா." அவ்வளவுதான்! நாலாம் நாள் ஜுரம் விட்டது. சரியாகிவிட்டது என்று இவன் படுத்திருக்க, வயிற்றுவலியும் நிற்காத வாந்தியும் ஆரம்பித்துவிட்டது. மெஸ்ஸில் பரிமாறுகிற ஒருவர், "அந்தத் தம்பியை ரெண்டு நாளா காணோமே" என்று மாடி ஏறி வந்து பார்த்து, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டெங்கு! ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றிப் பிழைத்து வந்தான். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

"ஏண்டா, பக்கத்து ரூம் கதவைத் தட்டக் கூடாதா?" என்று அழுதுகொண்டே கேட்டாள் நாத்தனார். அவன் சொன்ன பதில் என் மனசில் அப்படியே நிற்கிறது.

"தட்டி... என்னன்னும்மா சொல்றது?"

யோசித்துப் பாருங்கள். டாக்டரிடம் போகிறோம். பிள்ளை ஸ்டூலில் உட்காருகிறான். "என்ன செய்யுது?" என்று டாக்டர் அவனைத்தான் கேட்கிறார். பதில் சொல்வது யார்? நாம்தான்! "நேத்து ராத்திரியிலிருந்து டாக்டர், ஒண்ணுமே சாப்பிடலை" என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறோம். பதினேழு வயசு வரைக்கும் அவன் வாயாக நாமே இருந்துவிட்டு, பதினெட்டில் திடீரென்று வாயைத் திற என்றால் எப்படித் திறப்பான்?

பள்ளிக்கூடமும் ஒரு விதத்தில் அப்படித்தான். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதத்தான் பழக்கம். கேள்வி கேட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்று நாலு பேர் சிரிப்பார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு இந்தப் பயம் இன்னும் ஜாஸ்தி. தெரியாது, முடியவில்லை என்று சொன்னால் மானம் போய்விட்ட மாதிரி.

உலக சுகாதார நிறுவனம் 1990களிலேயே பிள்ளைகளுக்கு வேண்டிய வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைச் சொல்லியிருக்கிறது. முடிவெடுப்பது, பிறரிடம் பேசிப் புரிய வைப்பது, மன உளைச்சலைச் சமாளிப்பது எல்லாம் அதில் உண்டு. நம் தமிழ்நாட்டு அரசும் 2022ல் 'நான் முதல்வன்' என்று ஒரு திட்டம் தொடங்கி, படிப்போடு மற்ற திறமைகளையும் சொல்லிக் கொடுக்கிறது. நல்லதுதான். ஆனால் டாக்டர் முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியது நாம்தானே! அதற்கு அரசாங்கம் என்ன செய்யும்?

எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போதே ஆரம்பித்துவிடலாம். எத்தனை நாளாக ஜுரம், எங்கே வலி, என்ன மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டது, ஒன்றுக்குச் சரியாகப் போகிறதா என்பதை அவனே சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் பிறகு திருத்திக்கொள்ளலாம். டெங்குவைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்லி வையுங்கள். ஜுரம் இறங்குகிற சமயம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய சமயம். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஒரே அசதி — இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். உடம்புவலிக்கு என்று ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் மாத்திரைகளை வாங்கிப் போடவே கூடாது. ரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும்.

பணவிஷயமும் இப்படித்தான். பத்து வயசு நிரம்பிய பிள்ளை தன் பேரில் சேமிப்புக் கணக்கைத் தானே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014லேயே வங்கிகளுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் வங்கிக் கவுன்ட்டரில் தனியாக நின்றிருக்கிறார்கள்? போனில் பணம் அனுப்ப நமக்கே சொல்லிக் கொடுப்பார்கள், அது வேறு. "சார், இந்தப் பாரத்தில் இங்கே என்ன எழுதணும்?" என்று முகம் தெரியாத ஒருவரைக் கேட்கச் சொன்னால் நெளிவார்கள். போனில் எவனோ ஓ.டி.பி. கேட்டு மூவாயிரமோ நாலாயிரமோ போய்விட்டால், அப்பா திட்டுவாரே என்று மறைப்பார்கள். மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். 1930 என்ற நம்பருக்கு உடனே சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு. "பணம் போனாலும் முதலில் என்னிடம் சொல், திட்டமாட்டேன்" என்று இப்போதே சொல்லி வையுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்!

சமையலைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. பெண்ணை மட்டும் ரசம் வைக்கத் தெரியுமா என்று கேட்டுவிட்டுப் பையனை விட்டுவிடுகிறோமே, அது நியாயமில்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

"படிக்கிற பிள்ளையை ஏன் கடைக்கு விரட்டறே?" என்று என் மாமியார் இன்றைக்கும் கேட்பார். அரை மணி நேரம் கடைத்தெருவுக்குப் போய்வந்தால் மார்க் குறைந்துவிடாது அம்மா என்பேன். என் பெண் பத்தாவது. போன வாரம் மிக்ஸி ஜாரைப் பழுதுபார்க்க அவளைத்தான் அனுப்பினேன். எவ்வளவு ஆகும் என்று முதலில் கேட்காமலே கொடுத்துவிட்டு வந்தாள். மறுபடி போய்க் கேட்கச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனாள், ஆனால் கேட்டுக்கொண்டு வந்தாள்!

மனசு சரியில்லை என்றாலும் சொல்லத் தெரிய வேண்டும், இது ரொம்ப முக்கியம். மார்க் குறைந்த பிள்ளை மட்டுமில்லை, நிறைய வாங்கிய பிள்ளையும் புது இடத்தில் தவித்துப் போகும். அம்மாவிடம் சொல்ல முடியாததும் இருக்கும், அதற்காக நாம் கோபித்துக்கொள்ளக் கூடாது. 14416 என்ற நம்பரில் ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. 2022ல் மத்திய அரசு தொடங்கியது. நம் மாநிலத்தின் 104லும் ஆலோசனை சொல்கிறார்கள். இந்த இரண்டோடு 108ஐயும், 1930ஐயும் ஒரு அட்டையில் எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி அனுப்புங்கள். போன் தொலைந்தாலும் பெட்டி இருக்கும்.

ஹாஸ்டலுக்குக் கொடுத்தனுப்பச் சீக்கிரம் கெடாத பொடி வகைகள் கேட்டு நிறையச் சகோதரிகள் எழுதியிருக்கிறீர்கள். கறிவேப்பிலைப் பொடியும் கொள்ளுப் பொடியும் அடுத்த இதழில்.