நாக்கு ஒட்டியிருந்தால் வெட்டித்தான் ஆகணுமா? குழந்தைகளின் ‘டங் டை’ பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

2024 மே மாதம். கேரளத்தின் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நான்கு வயதுச் சிறுமிக்குக் கையில் இருந்த ஆறாவது விரலை அகற்ற அறுவை சிகிச்சை நடக்க வேண்டியிருந்தது. ஆபரேஷன் முடிந்து குழந்தை வெளியே வந்தபோது விரல் அப்படியே இருந்தது. வாயில் பஞ்சு இருந்தது. நாக்கின் அடியில் அறுவை செய்திருந்தார்கள். குழந்தைக்கு நாக்கு ஒட்டியிருந்ததாக விளக்கம் தரப்பட்டது. நாக்கில் எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை என்றது குடும்பம். சம்பந்தப்பட்ட மருத்துவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

அனுமதி பெறாமல் செய்தது தனிப் பிரச்சினை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த பல பெற்றோருக்கு இன்னொரு சந்தேகமும் வந்தது: நாக்கு ஒட்டியிருப்பது தெரிந்தாலே வெட்டிவிட வேண்டுமா? ‘பால் சரியா குடிக்கல’, ‘ரெண்டு வயசாச்சு, இன்னும் பேசல’ என்று வீட்டில் பேச்சு வந்தாலே யாராவது குழந்தையின் நாக்கைத் தூக்கிப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். இதே கேள்வி உலகம் முழுக்க மருத்துவர்களிடையே பெரிய விவாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2024-ல் இதற்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது.

‘டங் டை’ என்றால் என்ன?

கண்ணாடி முன் நின்று நாக்கை மேலே தூக்கிப் பாருங்கள். நாக்கின் அடிப்பகுதியையும் வாயின் தரையையும் இணைக்கும் மெல்லிய சவ்வு மடிப்பு தெரியும். இது எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு இது குட்டையாகவோ, தடிமனாகவோ, நாக்கின் நுனிவரை நீண்டோ இருக்கும். அதனால் நாக்கைத் தூக்கவும் வெளியே நீட்டவும் சிரமம் வந்தால் அதுதான் ‘டங் டை’. மருத்துவப் பெயர் ஆங்கிலோக்ளோசியா. சில குழந்தைகள் நாக்கை நீட்டும்போது நுனி இதய வடிவில் பிளவுபட்டது போலத் தெரியும்.

இந்தச் சவ்வைத் தனியான ஒரு கயிறு போல நினைப்பதுதான் வழக்கம். நியூசிலாந்தைச் சேர்ந்த குழந்தைகள் இஎன்டி அறுவை சிகிச்சை நிபுணர் நிக்கி மில்ஸ் தலைமையிலான குழு 2019-ல் வெளியிட்ட உடற்கூறு ஆய்வு அதை மாற்றியது. வாயின் தரை முழுக்கப் பரவியிருக்கும் ஒரு திசுப் படலம், நாக்கைத் தூக்கும்போது நடுவில் மடிந்து எழுகிறது. நாம் பார்ப்பது அந்த மடிப்பைத்தான். அது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே ஒருவருக்குச் சவ்வு கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது என்பதை வைத்து மட்டும் அதைக் குறை என்று சொல்லிவிட முடியாது.

எத்தனை குழந்தைகளுக்கு இது இருக்கிறது என்பதிலும் இதே குழப்பம்தான். சில ஆய்வுகள் 4 சதவீதம் என்கின்றன. சில 10 சதவீதத்துக்கும் மேல் என்கின்றன. எதை ‘டங் டை’ என்று எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது.

திடீரென ஏன் இவ்வளவு பேருக்கு?

அமெரிக்காவில் 1997-ல் சுமார் 3,900 குழந்தைகளுக்கு மருத்துவமனைப் பதிவுகளில் ‘டங் டை’ எனக் குறிக்கப்பட்டது. 2012-ல் இது சுமார் 32,800 ஆனது. சவ்வை வெட்டும் சிகிச்சையும் ஏறக்குறைய 10 மடங்கு ஆனது. 15 ஆண்டுகளில் குழந்தைகளின் நாக்கு மாறிவிடவில்லை.

தாய்ப்பாலின் அவசியம் பற்றிய விழிப்புணர்வு கூடியது முதல் காரணம். புட்டிப்பால் குடித்த காலத்தில் யாரும் கவனிக்காத விஷயம், தாய்ப்பால் கொடுக்கும்போது சிக்கலாகத் தெரிந்தது. பிரேசில் 2014-ல் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் நாக்குப் பரிசோதனை கட்டாயம் என்று சட்டமே போட்டது. இன்னொரு பக்கம் பணமும் புகுந்தது. லேசர் வைத்திருக்கும் பல் மருத்துவமனைகளும் சில தாய்ப்பால் ஆலோசகர்களும் தேவையில்லாத குழந்தைகளுக்கும் இதைப் பரிந்துரைப்பதாக நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2023 டிசம்பரில் விரிவான புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது.

பால் குடிக்க முடியாததற்கு இதுதான் காரணமா?

சில நேரம் ஆமாம். குழந்தை பால் குடிக்கும்போது நாக்கு கீழ் ஈறுக்கு மேலாக முன்னால் வந்து மார்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். நாக்கு வராவிட்டால் குழந்தை காம்பை மட்டும் ஈறால் கடிக்கும். அம்மாவுக்குக் காம்பில் வெடிப்பு, ரத்தம், தாங்க முடியாத வலி. குழந்தைக்குப் பால் போதாமல் எடை ஏறாது.

ஆனால் இதே அறிகுறிகள் வேறு காரணங்களாலும் வரும். குழந்தையைப் பிடிக்கும் நிலை சரியில்லாதது, குறை மாதப் பிறப்பு, பால் சுரப்பு தாமதமாவது, குழந்தைக்கு வேறு உடல்நலக் கோளாறு என்று பட்டியல் நீளம். நாக்கு ஒட்டியிருக்கும் குழந்தைகளிலேயே பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் பால் குடிப்பதில் சிரமம் வருகிறது என்கிறது அமெரிக்க அகாடமியின் அறிக்கை.

வெட்டினால் பலன் உண்டா?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-ல் 5 ஆய்வுகளை அலசியது. அவற்றில் இருந்த மொத்தக் குழந்தைகள் 302 பேர்தான். வெட்டிய பிறகு அம்மாக்களின் காம்பு வலி குறுகிய காலத்துக்குக் குறைந்தது. குழந்தை பால் குடிப்பது மேம்பட்டதா என்பதற்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை.

பெரிய ஆய்வு ஒன்றை நடத்த பிரிட்டன் முயன்றது. 169 குழந்தைகள் சேர்ந்த நிலையில் அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டியதாயிற்று. மூன்றாவது மாதத்தில் இரு பிரிவிலும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் ‘வெட்ட வேண்டாம்’ பிரிவில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் பிறகு வெட்டிக்கொண்டதால் முடிவைத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. வலியோடு பால் கொடுக்கும் தாய்க்குக் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

நடைமுறையில் வழிகாட்டுவது நியூசிலாந்தின் கேன்டர்பரி பகுதி அனுபவம். 2015-ல் அங்கு பிறந்த குழந்தைகளில் 11.3 சதவீதம் பேருக்குச் சவ்வு வெட்டப்பட்டது. பிறகு ஒரு விதி வந்தது: முதலில் பயிற்சி பெற்றவர் பால் கொடுப்பதை நேரில் பார்க்க வேண்டும், உதவ வேண்டும், அதன் பிறகும் சரியாகாதவர்களுக்கே சிகிச்சை. 2017 நடுப்பகுதிக்குள் வெட்டும் விகிதம் 3.5 சதவீதமாகக் குறைந்தது. தாய்ப்பால் கொடுக்கும் விகிதம் குறையவில்லை. அமெரிக்காவின் பாஸ்டனிலும் இதே கதைதான்: சவ்வை வெட்டுவதற்காக அனுப்பப்பட்ட 115 குழந்தைகளைப் பல துறை நிபுணர்கள் சேர்ந்து பரிசோதித்ததில், சுமார் 63 சதவீதம் பேருக்கு அறுவையே தேவைப்படவில்லை.

வெட்டினால் சீக்கிரம் பேச்சு வருமா?

நம் வீடுகளில் அதிகம் எழும் கேள்வி இதுதான். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவதும் இதே கவலையால்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பதே மருத்துவ அறிவுரை; வசம்புக்கும் அது பொருந்தும்.

அம்மா, அப்பா, பாப்பா. குழந்தை முதலில் பேசும் இந்தச் சொற்களுக்கு உதடு போதும். நாக்கு நுனி மேலே போக வேண்டியதில்லை. இரண்டு வயதாகியும் இவை கூட வரவில்லை என்றால் நாக்கின் மேல் பழி போட முடியாது. முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம், அதிக நேரம் செல்போன் பார்ப்பது ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். ‘நாக்கை வெட்டியாச்சு, பேசிடும்’ என்று காத்திருந்தால், கேட்கும் திறன் குறைந்த குழந்தைக்குச் சிகிச்சை தொடங்க வேண்டிய பொன்னான மாதங்கள் போய்விடும். இதில் உள்ள பெரிய ஆபத்தே இதுதான்.

ல, ர, த போன்ற ஒலிகள் மட்டும் தெளிவில்லாமல் இருந்தால் கதை வேறு. இவற்றில் சிலவற்றைக் குழந்தைகள் தாமதமாகத்தான் பழகுவார்கள். ழகரம் வராத பெரியவர்களே ஏராளம். 2020-ல் அமெரிக்க இஎன்டி மருத்துவர்கள் வெளியிட்ட கருத்தொற்றுமை அறிக்கை, நாக்கு ஒட்டியிருப்பது பொதுவாகப் பேச்சைப் பாதிப்பதில்லை என்கிறது. எனவே முதலில் பேச்சுப் பயிற்சி நிபுணரைப் பார்ப்பதே சரி. அரசு மருத்துவமனைகளில் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியகிரம் திட்டத்தின் கீழ் இயங்கும் டிஇஐசி மையங்களில் காது, பேச்சு, வளர்ச்சிப் பரிசோதனைகளை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

அப்படியானால் யாருக்குத் தேவை?

நாக்கு தெளிவாக ஒட்டியிருக்கிறது, பால் கொடுக்கும் நிலையைச் சரிசெய்தும் வலி குறையவில்லை, அல்லது எடை ஏறவில்லை. இவை சேர்ந்து இருந்தால் சிகிச்சை நியாயமானது, பயப்படவும் தேவையில்லை. பச்சிளம் குழந்தைக்கு மலட்டுக் கத்தரிக்கோலால் சில நொடிகளில் முடிந்துவிடும். ரத்தம் சில சொட்டுகள்தான் வரும். உடனே பால் கொடுக்கலாம். வளர்ந்த குழந்தை என்றால் மயக்க மருந்து தேவைப்படலாம். அதனால் முடிவை இன்னும் நிதானமாக எடுக்க வேண்டும்.

அரிதாக அதிக ரத்தப்போக்கு, தொற்று, தழும்பு, மறுபடி ஒட்டிக்கொள்வது போன்றவை நேரலாம். கத்தரிக்கோலைவிட லேசர் மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை. ‘மேல் உதடும் ஒட்டியிருக்கு, கன்னமும் ஒட்டியிருக்கு, எல்லாத்தையும் சேர்த்து வெட்டிடலாம்’ என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கேட்பது நல்லது.

சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியவை

• குழந்தை பால் குடிப்பதை யாராவது முழுதாக உட்கார்ந்து பார்த்தார்களா?

• எடை எப்படி ஏறுகிறது? பிறந்ததும் சற்றுக் குறையும் எடை இரண்டு வாரத்துக்குள் திரும்ப வேண்டும். முதல் வாரம் கடந்தபின் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும்.

• வைட்டமின் கே ஊசி போட்டாச்சா? குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத கோளாறு உண்டா?

• இப்போது வெட்டாமல் இரண்டு வாரம் பார்த்தால் என்ன ஆகும்?

• பேச்சுக்காக என்றால், காது பரிசோதனை முடிந்ததா?

நாக்கு ஒட்டியிருந்தும் குழந்தை நன்றாகப் பால் குடித்து, எடை கூடி, அம்மாவுக்கும் வலி இல்லை என்றால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்தச் சவ்வு அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.