சிக்கனமும் இல்லாமையும்

சிக்கனம் என்பது நல்ல சொல். உலோபம் என்பது கெட்ட சொல். இல்லாமை என்பதோ நல்லதுமன்று, கெட்டதுமன்று. அது ஒரு நிலை. கையில் உள்ளதை அளவறிந்து செலவிடுவது சிக்கனம். கையில் உள்ளதைச் செலவிட மனமின்றி இறுக்கிப் பிடிப்பது உலோபம். செலவிடுதற்குக் கையில் ஒன்றும் இல்லாதது இல்லாமை. இம்மூன்றையும் வேறுபிரித்து அறியாமற் பேசுவோர் தொகை நம்மிடையே பெருகி வருகின்றது. சிக்கனம் செய்பவன் முன்னே இரண்டு வழிகள் இருத்தல் வேண்டும். ஒன்றை விட்டு மற்றதைக் கொள்ளும் உரிமை அவனுக்கு இருத்தல் வேண்டும். அந்த உரிமை இல்லாதவனை நோக்கிச் 'சிக்கனமாய் இரு' என்று உபதேசிப்பது, பட்டினி கிடப்பவனை நோக்கி 'மிதமாக உண்' என்று சொல்வதை ஒக்கும்.

இலக்கண வகுப்போடு நின்றுவிட வேண்டிய இந்த வேறுபாட்டைப் பத்திரிகைக்குக் கொண்டுவருதற்குக் காரணம் மின்சாரப் பட்டியல். குளிர்காலம் வந்தால் வீட்டுச் செலவு ஏறுகின்றது. செலவு ஏறியதும் அறிவுரையும் ஏறுகின்றது. 'விளக்கை அணையுங்கள், மின்சாரத்தைச் சேமியுங்கள்' என்ற குரல் எல்லாப் பக்கத்திலிருந்தும் எழுகின்றது. அந்தக் குரல் எந்த வீட்டை நோக்கி எழுகின்றது என்பதே நாம் ஈண்டு ஆராயத்தக்கது.

மாத்தளையிலே குளிர் உண்டா என்று நுவரெலியாவிலிருந்து வரும் நண்பர்கள் நகைப்பர். நகரத்து மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழே நின்று பார்ப்பவர்க்கு அந்த நகைப்பு நியாயமானதே. ஆனால், ரத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலைச்சாரலில் ஏறிப் பாருங்கள். எல்கடுவைப் பக்கத்துக்கும் கம்மடுவைப் பக்கத்துக்கும் போய்ப் பாருங்கள். மார்கழியிலும் தையிலும் வடகீழ்ப் பருவக்காற்று மழையும் மூடுபனியுமாக வந்து மலைமீது படிகின்றது. துவைத்த துணி மூன்று நாளானாலும் உலர்வதில்லை. விறகு ஈரம் ஏறிக் கிடக்கின்றது. லயத்துத் தகரக் கூரையோ இரவிலே உள்ளிருக்கும் சிறிது சூட்டையும் பிடித்து வைக்க மாட்டாதது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டவும், முதியவர்க்குக் குடிக்கக் கொடுக்கவும் வெந்நீர் வேண்டும். எரிபொருள் மிகுதியாக வேண்டப்படுகின்ற காலமும், மழையினாற் கொழுந்து குறைந்து அரைப்பேர் எழுதப்படுகின்ற காலமும் ஒன்றாகவே வருகின்றன.

குளிர் எல்லார்க்கும் பொது; வெப்பம் பொதுவன்று. இது புதிய உண்மையன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையைக் கற்றோர் இதனை அறிவர். மழையில் நனைந்த ஆயர்கள் கொள்ளியைக் கையில் ஏந்தியும் நடுங்குகின்ற காட்சி அப்பாட்டின் தொடக்கத்தில் வருகின்றது. அதே வாடைக்கு மாடத்திலுள்ளோர் சாளரங்களை அடைத்து, விசிறிகளைத் தூக்கி வைத்துவிட்டுத் தடவிலே நெருப்பிட்டுக் காய்கின்றனர். தடவு என்பது நெருப்பு இடும் சட்டி. நக்கீரர் எவரையும் குறை கூறவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். நாமும் அவ்வாறே சில எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம்.

2022 ஆகஸ்டுக்கு முன்னர், மாதத்துக்கு 30 அலகு மின்சாரம் பாவித்த ஒரு வீடு, அலகு ஒன்றுக்கு 2 ரூபாய் 50 சதம் வீதம் 75 ரூபாயும், நிலையான கட்டணம் 30 ரூபாயும், ஆக 105 ரூபாய் செலுத்தியது. அந்த ஆகஸ்டிலே அத்தொகை 360 ரூபாய் ஆயிற்று. 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30 ரூபாயும், நிலையான கட்டணம் 400 ரூபாயுமாக உயர்ந்து, 1300 ரூபாயில் வந்து நின்றது. அறு மாத காலத்திலே பன்னிரண்டு மடங்குக்கு மேல்! தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வெளியாயிற்று. 2023 இலும் அதுவே நின்றது. ஒரு முழுப்பேருக்கு உரிய கூலியையும், அடுத்த நாட்கூலியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுத்தால்தான் ஒரு மாத வெளிச்சம் கிடைக்கும் என்பது கணக்கு.

மின்சாரத்தை விட்டு விளக்கெண்ணெய்க்குப் போகலாமே என்றால், அதே 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. எரிவாயுவுக்குப் போகலாமே என்றால், 2021 ஒக்டோபர்த் தொடக்கத்தில் 1500 ரூபாய்க்குள் இருந்த 12.5 கிலோச் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4860 ரூபாயாயிற்று. மூன்று வாயிலும் ஒரே காலத்தில் அடைபட்டன. எஞ்சியது விறகு. கவ்வாத்து வெட்டிய மிளாறும், காட்டோரத்துச் சுள்ளியும் தேடிச் சுமந்து வந்தவர்கள் பெண்களே. ஈர விறகை ஊதி ஊதிப் புகையை விழுங்கியவர்களும் அவர்களே. வீட்டுப் புகையினாலே 2020 இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. விறகு இலவசம் என்று சொல்பவர்கள் அடுப்படியில் இருந்து பார்த்தவர்கள் அல்லர்.

2023 ஜூலையில் அந்த 30 அலகுக்குரிய தொகை 450 ரூபாயாகக் குறைந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் கட்டணம் மீண்டும் ஏறியது. 2024 இல் இரு முறை இறங்கி, 2025 ஜனவரியில் 20 வீதம் மேலும் இறங்கி, ஜூனில் 15 வீதம் ஏறியது. இறங்கியபோதெல்லாம் நாம் மகிழ்ந்தோம். ஆனால், அடுத்த முறை எவ்வளவு ஏறும் என்று அறியாத வீட்டுக்காரன், ஏறியபோது கற்ற அச்சத்தை இறங்கியபோதும் விடுவதில்லை. அந்த அச்சம் முதலிலே எதன்மீது கை வைக்கின்றது? பிள்ளையின் விளக்கின்மீது.

இதனை நான் வகுப்பிலே கண்டேன். 2023 இன் முற்பகுதியில், மலையிலிருந்து இறங்கி வரும் மாணவர்கள் பலர் செய்யுளை மனனம் செய்யாமல் வந்தனர். முன்பு ஒழுங்காகப் படித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். காரணம் கேட்டால் தலை குனிந்தனர். பின்னர் ஒருவாறு தெரியவந்தது: ஏழு மணிக்கு விளக்கு அணைக்கப்படுகின்றது. பெற்றோர் கல்வியை வெறுப்பவர்கள் அல்லர்; தாம் படியாத படிப்பைப் பிள்ளை படிக்க வேண்டும் என்று ஏங்குபவர்கள். ஆயினும் மின்சாரம் என்றால் அவர்கள் கண்ணுக்குத் தெரிவது விளக்கு ஒன்றே.

ஈண்டு ஒரு சிறு கணக்கு வேண்டும். 10 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்று நூறு மணி நேரம் எரிந்தால்தான் ஓர் அலகு முடியும். இரவுதோறும் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஒன்றரை அலகே செல்லும். 2023 பெப்ரவரியின் கொடிய விலையிலும் அதற்கு 45 ரூபாயே. அவ்விளக்கை அடியோடு அணைத்துவிட்டாலும் 400 ரூபாய் நிலையான கட்டணம் அசையாமல் நிற்கும். மறுபுறம், மின்கேத்தலில் ஒரு லீற்றர் நீரைக் கொதிக்க வைக்க ஓர் அலகில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு செல்லும். ஒருமுறை தேநீருக்குக் கொதிக்கும் நீர், பிள்ளையின் இரண்டு இரவுப் படிப்புக்குச் சமம். 1000 வாற்று அழுத்திப் பெட்டி முழுச் சூட்டில் ஒரு மணி நேரம் நின்றால், இருபது இரவுப் படிப்பு அதிலே போயிற்று. வெளிச்சம் மலிவு, வெப்பமே விலை. குளிர்காலத்திலே பட்டியலை ஏற்றுவது வெந்நீரும் உலர்த்தலும் அழுத்தலுமே அன்றிப் புத்தகத்தின் மேலே எரியும் விளக்கு அன்று. ஆசிரியராய் உள்ளோர் இதனைப் பெற்றோர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். மின்பட்டியலை வாசிக்கவும், அலகையும் நிலையான கட்டணத்தையும் பிரித்தறியவும் ஒரு பாட நேரத்திலே கற்பித்துவிடலாம்.

எனினும், கணக்கு அறிந்தால் மட்டும் துன்பம் தீர்ந்துவிடாது. சிக்கனத்தினால் நிலையான கட்டணத்தைத் தொட முடியாது. 30 அலகுக்குள் வாழ்பவன் அணைப்பதற்கு என்ன வைத்திருக்கின்றான்? குளிரூட்டியா, நீர்சூடாக்கியா? இங்கேதான் சிக்கனத்தின் எல்லை முடிந்து இல்லாமையின் எல்லை தொடங்குகின்றது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. மின்சாரம் வானத்திலிருந்து சும்மா விழுவதன்று. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் அந்நியச் செலாவணி வேண்டும். 2022 இல் அது இல்லாமையாலன்றோ ஒரு நாளில் 13 மணி நேரம் வரை இருளில் இருந்தோம். உற்பத்திச் செலவை அறவிடாமையால் மின்சார சபை கடனில் மூழ்கியது. 2023 மார்ச்சில் ஏற்பட்ட சர்வதேச நாணய நிதிய உடன்பாடும் செலவை ஈடுசெய்யும் கட்டணத்தையே வேண்டிற்று என்பர். இவை மெய்யே. செலவை யாரோ ஒருவர் கொடுக்கத்தான் வேண்டும். எவர் எவ்வளவு கொடுப்பது என்பதே கேள்வி.

மாத்தளையிலிருந்து அக்கேள்வியைக் கேட்பதற்கு நமக்கு ஒரு தனி உரிமை உண்டு. 1976 முதல் பொல்கொல்லையிலே மகாவலி மறிக்கப்பட்டு, ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே நம் உக்குவலைக்கு வந்து, அங்கே மின்சாரத்தைப் பிறப்பித்துச் சுதுகங்கையிலே கலக்கின்றது. அந்நீர் அம்பன் கங்கை வழியாகப் போவத்தென்னைக்குச் சென்று, அங்கே மீண்டும் ஒருமுறை மின்சாரம் தருகின்றது. இந்நீருக்கு நிலக்கரி வேண்டியதில்லை, கப்பலும் வேண்டியதில்லை. மலைமீது பெய்யும் மழையே அதன் எரிபொருள். நாட்டின் மின்சாரத்தில் ஒரு பகுதி மலிவானது, ஒரு பகுதி விலையுயர்ந்தது என்றால், மலிவான முதற்பகுதியை ஏழையின் முதல் 30 அலகுக்கு என்று ஒதுக்குவதில் அநீதி யாது? மழையில் நனைபவனுக்கு மழையின் பயனிலும் பங்கு உண்டன்றோ?

பிற நாட்டார் செய்வதையும் நோக்குக. தமிழ்நாட்டிலே 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 அலகு கட்டணமின்றி வழங்கப்பட்டு வருகின்றது. நம்மவர் பலர் குடியேறி வாழும் பிரித்தானியாவிலே, முதியோர்க்குக் குளிர்கால எரிபொருள் உதவித்தொகை 1997 இல் ஏற்பட்டது. 2024 இல் அரசு அதனைச் சுருக்கியபோது பெருங் கண்டனம் எழுந்து, 2025 இல் பெரும்பாலார்க்கு மீண்டும் கொடுக்க நேர்ந்தது. 2022 ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே கட்டணம் தாங்காத மக்கள் வந்து இருப்பதற்கென்று அந்நாட்டு நூலகங்களும் தேவாலயங்களும் தம் வெதுவெதுப்பான மண்டபங்களைத் திறந்து வைத்தன. செல்வ நாட்டிலேயே குளிர்காய்தல் பொதுக் கடனாகக் கருதப்படுமாயின், நம் மலைநாட்டிலே அது தருமமாகக் கூடக் கருதப்படலாகாதா?

ஆதலால் மூன்று காரியங்கள் வேண்டுமென்பேன். முதலாவது, 30 அலகுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு நிலையான கட்டணம் நீங்குதல் வேண்டும். அப்போதுதான் அவன் சேமிப்பது அவன் கைக்கு வரும். இரண்டாவது, குடும்பத்துக்கு ஒரு மின்மானி வேண்டும். ஒரே மானியின் பின்னே இரு குடும்பங்கள் வாழ்ந்து, ஒவ்வொன்றும் 30 அலகு பாவித்தால், 2023 ஜூலை விகிதப்படி அவர்கள் கட்டியது 1350 ரூபாய். தனித்தனி மானி இருந்தால் 900 ரூபாயோடு தீர்ந்திருக்கும். ஏழைகள் நெருங்கி வாழ்வதற்கு 450 ரூபாய் தண்டம்! மூன்றாவது, தோட்டந்தோறும் ஒரு வாசிகசாலையோ பாடசாலை மண்டபமோ மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை விளக்கேற்றித் திறந்திருத்தல் வேண்டும். முன்னவை இரண்டும் அரசு செய்ய வேண்டியவை. மூன்றாவதைச் செய்ய அரசை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஊர்ச் சங்கங்களும், கோயிற் சபைகளும், பழைய மாணவரும் மனம் வைத்தால் வருகிற மார்கழிக்குள்ளேயே செய்துவிடலாம். நாற்பது பிள்ளைகள் நாலு விளக்கின் கீழே படிக்க, மாதம் முழுவதும் நாலு அலகும் செல்லாது.

சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளவர் சிக்கனம் பழகுக. கூடத்திலே வீணாக எரியும் பத்து விளக்குகளை அவர் அணைப்பாராக. ஆனால், இல்லாதவன் வீட்டில் உள்ள ஒரே விளக்கை அணைக்கச் சொல்லும்போது, நாம் அறத்தைப் போதிக்கவில்லை, இருளைப் பங்கிடுகின்றோம். அவ்விளக்கின் கீழே ஒரு பிள்ளை தமிழ் படித்துக்கொண்டிருக்கின்றது என்பதைத் தமிழன்பர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.