சேரி ஊறுகாயை யார் வாங்குவார்கள்?

“குழுவா சேருங்க, சேமிங்க, ஒரு தொழில் பண்ணுங்க. வறுமை தன்னால ஓடிப்போயிடும்.” இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எங்க தெருப் பொம்பளைங்களுக்குக் காது புளித்துவிட்டது. 1989இல் ஐஃபாட் உதவியோடு தர்மபுரியில் ஆரம்பித்தார்கள். 1992இல் நபார்டு நாடு முழுக்க 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்க இறங்கியது. பிறகு மகளிர் திட்டம். 1999இல் எஸ்.ஜி.எஸ்.ஒய்., 2011இல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம். பலகையில் பெயர் மாறியது, வசனம் மாறவில்லை.

நான் குழுவுக்கு எதிரி இல்லை. பதினோரு வருஷமாக எங்க தெருக் குழுவுக்கு நோட்டு எழுதுகிறவள். சில தோழர்கள் இதையெல்லாம் ‘ஏகாதிபத்தியச் சதி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். வீட்டில் அரிசி தீர்ந்தபோது ஆண்டை வாசலில் போய் நின்றது தோழர் அல்ல, அவங்க அம்மா. குழு வந்தபிறகு அந்த வாசலுக்குப் போவது குறைந்தது. கந்துவட்டிக்காரன் நூற்றுக்குப் பத்து வாங்கிய இடத்தில், குழுவில் நூற்றுக்கு ஒன்று, ரெண்டு. கைநாட்டு வைத்த அக்காமார்கள் கையெழுத்துப் போடுகிறார்கள், பேங்க் மேனேஜர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

என்னுடைய சண்டை ‘தொழில்’ என்ற சொல்லோடு.

அஞ்சு நாள் பயிற்சி கொடுப்பார்கள். ஊறுகாய், மசாலாப் பொடி, பினாயில், மெழுகுவர்த்தி. எங்க குழுவுக்கு ஊறுகாய் வந்தது. கைப்பக்குவத்துக்குக் குறைவில்லை. டவுனில் தீபாவளிக் கண்காட்சியில் கொண்டுவைத்த பாட்டில் அத்தனையும் ரெண்டே நாளில் போய்விட்டது. அதே பாட்டிலை எங்க ஊர் மளிகைக் கடையில் வைக்கச் சொல்லிக் கேட்டோம். கடைக்காரர் கோபப்படவே இல்லை. ரொம்பத் தன்மையாகச் சொன்னார்: “ஏம்மா, நான் வெச்சுக்கறேன், யாரு எடுப்பா?” பயிற்சி கொடுத்த அலுவலகத்தில் இதைச் சொன்னால், “மார்க்கெட்டிங் சரியில்ல, லேபிள் அழகாப் போடுங்க” என்கிறார்கள். லேபிளில் முகவரி போடாமல் முடியாது. முகவரியில் ‘காலனி’ இருக்கிறது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, செய்யட்டும். ஆனால் சுத்துப்பட்டுக் கிராமத்துக்காரனுக்கு எந்தத் தெரு எதுவென்று ஆவணத்தைப் பார்த்தா தெரியவேண்டும்?

பயிற்சிக்குப் பயிற்சி லிஜ்ஜத் அப்பளக் கதையைச் சொல்வார்கள். 1959இல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள், 80 ரூபாய்க் கடன், மொட்டைமாடி, அப்பளம். இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் பங்குதாரர்களாக இருக்கும் நிறுவனம். உண்மைதான், பெருமைப்படவேண்டிய கதைதான். அந்த ஏழு பேரும் குஜராத்திப் பெண்கள், அவர்கள் குடியிருந்த கட்டிடத்தின் பெயர் லோஹானா நிவாஸ் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. லோஹானா என்பது ஒரு வணிக சாதியின் பெயர். அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ‘இவங்க கை பட்டதை எப்படித் தின்பது’ என்று கேட்கிற வாடிக்கையாளரை அவர்கள் சந்திக்கவில்லை, அவ்வளவுதான். நம்மூரில் ஒரு அப்பளக் கம்பெனி பெயரோடு ‘மாமி’ என்று சேர்த்தால் விற்பனை கூடும். எங்க அத்தை பெயரைச் சேர்த்தால்?

இது பழைய கதை என்று நினைக்கும் மாணவத் தோழர்களுக்கு ரெண்டு ஊர்ப் பெயர்கள். 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில் ஒரு அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர் திரண்டது. 2023இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் விரிந்தபோது, கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் ஒரு தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் தடுத்தார்கள், கலெக்டர் நேரில் போக வேண்டியிருந்தது. அந்தத் திட்டத்தில் சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள் என்பதை மறக்க வேண்டாம். அரசு சம்பளம் கொடுத்து, அரசு அரிசி கொடுத்து, அரசுக் கட்டிடத்தில் சமைத்ததற்கே இந்த நிலைமை. தனியாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு வீதியில் இறங்குகிறவள் கதி என்ன?

சரி, உணவு வேண்டாம், கறவை மாடு என்பார்கள். மாட்டுக்குத் தீட்டில்லை. ஆனால் அதற்குப் புல் வேண்டும். வரப்புப் புல் யாருடைய வரப்பில் இருக்கிறது? மாடு வாங்கிய ரெண்டாவது மாசமே எங்க பொம்பளைங்களுக்கு இது புரிந்துவிட்டது. புல் அறுக்க விடுகிறவன் அதற்குப் பதில் நடவுக்குக் கூப்பிட்ட கூலிக்கு வரச் சொல்கிறான். கூலி கூட்டிக் கேட்டால், “நாளையிலிருந்து வரப்புல கால வைக்காத.” முன்பு ஆளைக் கட்டிப்போட்டிருந்த கயிறு இப்போது மாட்டின் கழுத்து வழியாக வருகிறது. ஆடு வளர்ப்பும் அப்படித்தான். மேய்ச்சல் புறம்போக்கு காகிதத்தில் பொது, நடப்பில் ஊர்க்காரர்களுடையது. எஸ்.ஜி.எஸ்.ஒய். பயனாளிகளில் பாதிப்பேர் தலித், பழங்குடியினராக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்த விதி மாட்டைக் கொண்டுவந்து சேரியில் கட்டியது. மாடு மேய நிலத்தைக் கொடுக்கவில்லை.

தொழில் ஓடவில்லை, தவணை மட்டும் நிற்பதில்லை. இந்த ஓட்டையில்தான் தனியார் மைக்ரோ ஃபைனான்ஸ்காரன் நுழைந்தான். ஜாமீன் வேண்டாம், பத்திரம் வேண்டாம், அஞ்சு பத்துப் பொம்பளைங்க சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதாவது ஒருத்தியின் மானத்தை மற்றவளிடம் அடகு வாங்கிக்கொள்கிறான். எங்க தெருவில் ஒரு கம்பெனி வசூல்காரன் ராத்திரி பத்து மணிவரை வாசலில் உட்கார்ந்திருந்தான். அவன் சத்தமே போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரியே சத்தம் போட்டாள், ஏனென்றால் அந்தத் தவணை அவள் தலையில் விழும். ஒற்றுமைக்காகச் சேர்ந்த குழுவை இப்படியும் திருப்ப முடியும்.

2010இல் ஆந்திராவில் இந்தக் கடன் நெருக்கித் தற்கொலைகள் நடந்து, அந்த அரசு அவசரச் சட்டம் போட்டது. 2021இல் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் குழுக்கள் வாங்கிய 2,756 கோடி ரூபாய்க் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. தனியாரிடம் வாங்கியது அதில் சேராது. 2022இல் ரிசர்வ் வங்கி, தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றது, ஆனால் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் இங்கே சட்டம் வந்திருக்கிறது. அதைத் தோழர்கள் படித்து வைத்துக்கொண்டு, வசூல்காரன் உட்காரும் வாசலுக்குப் போக வேண்டும். துண்டறிக்கை போட்டால் மட்டும் போதாது.

சிறுகடன் வறுமையை ஒழிக்கிறதா என்று ஆறு நாடுகளில் செய்த ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. அதில் ஒன்று ஐதராபாத். சிலருக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது, வாழ்க்கையைப் புரட்டிப்போடுவதில்லை என்பதே அவற்றின் முடிவு. இதற்கு இத்தனை பேராசிரியர்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள்!

எங்கே புரட்டிப் போட்டிருக்கிறது? ஆந்திராவாக இருந்து இப்போது தெலங்கானாவான ஜகீராபாத் பக்கம் பாருங்கள். 1980களிலிருந்து டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியோடு சேர்ந்து தலித் பெண்கள் சங்கம் கட்டினார்கள். அரசு கொடுத்த கல்லுக் காட்டுக்கு வரப்புக் கட்டினார்கள், தரிசைக் குத்தகைக்கு எடுத்தார்கள், சோளமும் தினையும் விதைத்தார்கள். விளைந்த தானியத்தைச் சொந்தக் கிராமத்து ஏழைகளுக்கே பங்கிட்டார்கள். யார் பட்டினி என்பதை அந்தப் பொம்பளைங்களே முடிவு செய்தார்கள். விதை கேட்டு ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்களும் அவங்க வாசலுக்கு வந்தார்கள். கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயிலும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாகப் பயிர் செய்கிற குழுக்கள், தனி விவசாயிகளைவிட அதிகம் விளைவித்துக் காட்டியிருக்கின்றன. ரெண்டு இடத்திலும் பொம்பளைங்க காலுக்குக் கீழே மண் இருந்தது.

புதுசாக நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நிலம் அரசுடைமையாகி, சாதி பார்க்காமல் ஒப்படைக்கப்பட்டு, கூட்டுப் பண்ணையாக உழப்பட வேண்டும் என்று அண்ணல் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையிலேயே எழுதிவைத்தார். அவர் படத்தை மாட்டிக் குழுக் கூட்டம் நடத்துகிறோம். கூட்டத்தில் பேசுவதோ பினாயில்.

தாட்கோ மூலம் 2023இல் நன்னிலம் என்ற மகளிர் நில உடைமைத் திட்டம் வந்தது. தலித் பெண் நிலம் வாங்கப் பாதி மானியம், அதிகபட்சம் அஞ்சு லட்சம். நான் வரவேற்கிறேன். ஆனால் விற்கிறவர் தலித் அல்லாதவராக இருக்க வேண்டும். நோக்கம் சரி, நிலம் கை மாறவேண்டும். வரப்பில் கால்வைக்க விடாதவன் பத்திரம் எழுதிக் கொடுப்பானா? ரோட்டோரத்து விலைக்கு அஞ்சு லட்சம் எம்மாத்திரம்? விற்பவனை நம்பி இருக்கிற திட்டத்துக்குப் பக்கத்தில், யாரும் விற்கத் தேவையில்லாத நிலம் ஒன்று கிடக்கிறது. 1892 முதல் நம்ம பாட்டன்களுக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலம். தலித் அல்லாதவர்க்கு விற்றால் செல்லாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது. அதை மீட்கக் காரணையில் கிளம்பிய போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அந்த நிலத்தைத் தனித்தனிப் பட்டாவாக வாங்கினால் ஒரு கல்யாணச் செலவில், ஒரு ஆஸ்பத்திரிச் செலவில் மறுபடியும் போய்விடும். குழுவின் பெயரில் வாங்க வேண்டும் என்பது என் கோரிக்கை. நோட்டு எழுத, கணக்குப் பார்க்க, ஒருத்தி தவறினால் மற்றவள் தாங்க என்று இத்தனை வருஷம் நாங்கள் கற்றது அதற்குத்தான் உதவும்.

மாணவத் தோழர்களிடம் கேட்பது ஒன்றுதான். எங்களுக்கு இன்னொரு பயிற்சி வேண்டாம். தாலுகா ஆபீசில் ‘அ’ பதிவேட்டை வாங்கி, எங்க கிராமத்தில் பஞ்சமி என்று எந்தெந்த சர்வே எண் இருக்கிறது, இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். மனு நாங்க எழுதிக்கறோம்.