பிள்ளையின் தோலில் பரீட்சை வைக்காதீர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. தோல் வருத்தம் உள்ள பிள்ளைகளின் உம்மா வாப்பாமார் பொறுமையாக வாசியுங்கள். அப்படிப் பிள்ளை இல்லாதவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசியுங்கள்.

சொரியாசிஸ் பெரியவர்களுக்குத்தான் வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சின்னப் பிள்ளைகளுக்கும் வரும். முழங்கை, முழங்கால், தலை, காதுக்குப் பின்புறம் தடித்து, மேலே வெள்ளைச் செதிலாக உதிரும். சில பிள்ளைகளுக்குத் தொண்டை நோ வந்து இரண்டு மூன்று கிழமையில் உடம்பெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கிளம்பும். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி பிழையாக வேலை செய்வதால் தோல் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் வளர்வதுதான் காரணம். ஊத்தையால் வருவதல்ல. இரத்தம் கெட்டு வருவதுமல்ல.

இந்த வருத்தம் தானாகக் கூடும், தானாகக் குறையும். தொண்டை நோவுக்குப் பிறகு வருவது பல பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் தானாகவே மறைந்துவிடும். அப்போது கடைசியாக எதைப் பூசினோமோ அதற்குத்தான் பெயர் கிடைக்கும். "எங்கட மகளுக்கு இதாலதான் சுகமானது" என்று வட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் பல இப்படிப் பிறந்தவை. சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் பிள்ளைக்கு அது சரிவரும் என்று அர்த்தமும் இல்லை.

வீட்டு வைத்தியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்லதும் இருக்கிறது:

• வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். வறட்சியும் கடியும் குறையும்.
• தலையில் செதில் இருந்தால் எண்ணெய் வைத்து ஊறவிட்டு மெதுவாக வாருங்கள். பிய்க்க வேண்டாம். காயம் பட்ட இடத்தில் புதிதாகக் கிளம்பும்.
• நகத்தைக் கட்டையாக வெட்டிவிடுங்கள். பருத்தி உடுப்புப் போடுங்கள்.

இவை தோலை ஆறுதல்படுத்தும். வருத்தத்தை மாற்றாது.

கெடுதலானவையும் இருக்கின்றன. தேசிக்காய்ச் சாறு பூசி வெயிலில் விட்டால் தோல் எரிந்து கொப்பளிக்கும். உள்ளியை அரைத்துக் கட்டினாலும் அப்படித்தான். வேப்பெண்ணெயைச் சின்னப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுப்பது ஆபத்து; வாந்தியும் வலிப்பும் வரலாம். "இயற்கை" என்று விற்கப்படும் பெயர் விபரமில்லாத கிறீம் நாலு நாளில் பளிச்சென்று மாற்றினால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் கடுமையான ஸ்டீரோயிட் கலந்திருக்கும். நிறுத்தியதும் முன்னையதைவிட மோசமாகத் திரும்பும். முட்டை, மீன், இறைச்சி எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தி வளரும் பிள்ளையை மெலியவைப்பதும் வைத்தியமல்ல.

கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸை நாம் எல்லோரும் அறிவோம். நோய் வந்தால் மருந்து செய்யுங்கள் என்று கற்றுத்தந்ததும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். ஓதிப் பார்ப்பதும் டொக்டரிடம் காட்டுவதும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல.

எனது கருத்து இதுதான்: முதலில் வருத்தத்தின் பெயர் தெரிய வேண்டும், எண்ணெய் அதற்குப் பிறகு. சொரியாசிஸ், எக்ஸிமா, படர்தாமரை, சொறி எல்லாம் நம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியலாம். சொறி என்றால் வீட்டில் எல்லோரும் மருந்து பூச வேண்டும். படர்தாமரைக்கு ஸ்டீரோயிட் கிறீம் பூசினால் இன்னும் பரவும். அரச வைத்தியசாலையில் காட்டுவதற்குக் காசு இல்லை. தேவையென்றால் தோல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். மூட்டு நோ, விரல் வீக்கம், காலையில் எழும்பும்போது விறைப்பு இருந்தால் தாமதிக்க வேண்டாம். காய்ச்சலோடு உடம்பு முழுக்கச் சிவந்தாலோ சீழ்க் கொப்புளம் வந்தாலோ அன்றைக்கே கொண்டு போங்கள்.

இனி எல்லோருக்கும். சொரியாசிஸ் தொற்றாது. தொட்டாலும் தொற்றாது, ஒரே கோப்பையில் குடித்தாலும் தொற்றாது. 2014இல் உலக சுகாதார சபை இந்நோய் பற்றி நிறைவேற்றிய தீர்மானத்திலும் இது தொற்றாத நோய் என்றே இருக்கிறது. ஆனால் வகுப்பில் "அவளுக்குப் பக்கத்தில இருக்க வேணாம் எண்டு உம்மா சொன்ன" என்று பிள்ளைகள் என்னிடம் வந்து சொல்கிறார்கள். ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை தெரியாது, நாம்தான் கொடுத்தனுப்புகிறோம். இன்டர்வெல்லில் தனியாக நிற்கும் பிள்ளையும், குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகமாட்டேன் என்று அழும் பிள்ளையும் கடியைவிட இதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

எந்த எண்ணெயும் ஆற்றாத புண் அது. அதற்கு மருந்து நம் வாயில்தான் இருக்கிறது. இன்றைக்கு உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு, "அவளோட சேர்ந்து இருங்க, சேர்ந்து சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்புங்கள்.

நம் பிள்ளைகள் எல்லோருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.